பின்பாதி உன்னிடம் இருந்தது

பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துவிட்டது. பழைய செய்தித்தாளையும் மீறி ரப்பர் புகைக்கூடத்தின் வாடை வந்தது. தோட்டத்துப் புகைக்கூடத்தை இடித்தபோது அதன் மரப்பலகைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் புத்தகங்களுக்கென்று ஒரு பெட்டி செய்தாயே, அதில் கிடந்த எந்தக் காகிதமும் அந்த வாடையை விடுவதில்லை. சென்ற மாதம் 22ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு உன் மகள் அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். நீ இறந்தது பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாற்பதாம் நாள் செபம் முடிந்த பிறகுதான் ஜெராம் வீட்டில் உன் பெட்டியைத் திறந்தார்களாம்.

"மேல உங்க பேர எழுதி வெச்சிருந்தாரு அங்கிள். பேருகூட இல்ல. 'கிராணிக்கு'ன்னு மட்டும்."

உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. செய்தி அன்று மாலையே எனக்குக் கிடைத்தது. உடல்நலக் குறைவு என்று உன் வீட்டாரிடம் சொல்லி அனுப்பினேன். அது உண்மையல்ல. இந்த மடலில் இனி உண்மைக்கு மாறாக எதுவும் இராது என்பதற்காக அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் கண்களின் நிலை உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உன் மகளை நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதன் இருபுறமும் காதணிகள். ஒரு பக்கத்தை நானே கடைசியாக முழுமையாகப் படித்தது 2023 நவம்பர் 19. இந்த மடலைத் தடித்த கறுப்புப் பேனாவால், அளவுகோலை வரிக்கு வரி இறக்கி, கையின் பழக்கத்தை நம்பி எழுதுகிறேன். எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்த முடியாது. ஒற்று விட்டுப்போனால் அதற்காக உறங்காமல் கிடந்தவன் நான். இன்று எத்தனை ஒற்றுகள் விட்டுப்போயினவோ.

பொட்டலத்துள் இருந்தது ஒரு நாவலின் பின்பாதி. 177ஆம் பக்கத்தில் தொடங்கி 352இல் முடிவது. அதன் முன்பாதி பதினான்கு ஆண்டுகளாக என் அலமாரியில் இருக்கிறது.

எல்லாம் 1968 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. தோட்டப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த இருவரில் நான் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகவும் நீ புகைக்கூடத்தில் ரப்பர் தகடுகளை உலர்த்துபவனாகவும் ஆகியிருந்தோம். அலுவலகப் படிக்கட்டில் நின்றால் என்னை 'ஐயா' என்பாய், இறங்கிவிட்டால் 'டேய்'. அன்று கிள்ளானுக்குப் பேருந்தில் போய், இருவருமாகச் சேர்ந்து கடலோடிகளைப் பற்றிய ஒரு பெரிய நாவலை வாங்கினோம். கடையில் ஒரே பிரதிதான் இருந்தது. யார் முதலில் படிப்பது என்று நம் ஊரான ஈஜோக் வந்து சேரும்வரை வழக்கு. கடைசியில் என் சவரப்பெட்டியைத் திறந்து நீ பிளேடை எடுத்தாய்.

"ஏண்டா பாவி, புத்தகத்தையாடா வெட்டுற?"

"கோழியவே வெட்டுறோம், இதுக்கென்னவாம்? நீ மொதப் பக்கத்திலேர்ந்துதான் படிப்பேன்னு அடம் பிடிக்கிற ஆளு. முன்பாதிய நீ எடுத்துக்க. எனக்கு எங்கேர்ந்து ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான்."

முதுகுத் தையலில் பிளேடை இறக்கி இரண்டாகப் பிரித்தாய். என் நெஞ்சில் இறங்கியது போல இருந்தது. ஆனால் பத்து நாளில் இருவரும் பாதிகளை மாற்றிக்கொண்டோம்; இருவரும் முடித்த பிறகு ரப்பர் பாலைத் தடவி, இரண்டு செங்கற்களுக்கு இடையே வைத்து நீ ஒட்டிக்கொடுத்தாய். அன்றிலிருந்து 2011வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகளில், இருநூற்றுப் பதினேழு புத்தகங்களை அப்படியே படித்தோம். ஒவ்வொன்றிலும் எனக்கு முன்பாதி, உனக்குப் பின்பாதி. எல்லாக் கதையின் முடிவையும் தொடக்கத்துக்கு முன்பே அறிந்தவன் நீ. அந்தக் கடலோடி நாவலின் முன்பாதியைப் படித்துக்கொண்டிருந்தபோது நீ சொன்னதை அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்: "இவன் எப்படிச் சாவுறான்னு எனக்கு முன்னாடியே தெரியும்டா. இப்பதான் சின்னப் புள்ளையா ஓடுறான். பாவமா இருக்கு."

நமக்குள் இரண்டு விதிகள் இருந்தன. ஓரங்களில் பென்சிலால் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம். ஆனால் முடிவை மட்டும் நீ சொல்லக் கூடாது. நான் எழுதிய குறிப்பு ஒவ்வொன்றின் கீழும் தேதி இருக்கும். உன்னுடையதில் ஒருபோதும் இராது. எத்தனை முறை கடிந்துகொண்டேன்!

"தேதி போட இதென்ன செக்ரோலா?" என்பாய். செக்ரோல் என்பது ஆள்வரவு எழுதும் பேரேடு. என் அலுவலக மேசையின் தெய்வம் அது.

அந்தப் பேரேட்டிலிருந்து என்னைக் கொஞ்சமாவது விடுவித்ததும் ஒரு புத்தகம்தான். 1974 மார்ச்சில் படித்தோம். ஒரு சுண்ணாம்புச் சூளையின் கணக்கரைப் பற்றிய நாவல். முன்பாதியில் அவர் நேர்மையாளர், நேரம் தவறாதவர், கையெழுத்து முத்து முத்தானவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. 'இப்படி ஒரு மனிதரைப் பற்றி எழுத ஆள் வந்ததே' என்று ஓரத்தில் எழுதித் தேதியும் போட்டேன். பின்பாதி என் கைக்கு வந்தபோது, அதே கணக்கரைச் சூளைக்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது அங்கே இருந்தது. ஆட்களை எண்ணைச் சொல்லியே அழைப்பவர், பெயர் தெரியாதவர், ஒருத்தி குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த காலையிலும் அவள் எண்ணை இரண்டு முறை உரக்கக் கூப்பிட்டவர். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உன் கோணல் எழுத்தில் ஒரே வரி: 'டேய், இவன் உன்ன மாதிரியே இருக்கான்.'

மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நான்காம் நாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வரிசையாக நின்ற பால்மரம் வெட்டுபவர்களை முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தேன். மூன்றாவது வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி, தன் பெயர் வந்ததும் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று. ஓய்வு பெறும்வரை பெயர் சொல்லித்தான் அழைத்தேன். என்னை மாற்றிய புத்தகம் எது என்று யாராவது கேட்டால் அந்த நாவலைச் சொல்வேன். ஆனால் சரியாகச் சொல்ல வேண்டுமானால், மாற்றியது நாவல் அல்ல. ஓரத்தில் நீ எழுதிய அந்த வரி.

நம் இருநூற்றுப் பதினெட்டாவது புத்தகம் 2011 ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. அதற்குள் தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டிருந்தது. நான் கோல சிலாங்கூரில், நீ ஜெராமில். மோட்டார் சைக்கிளில் வந்து, இந்த வரவேற்பறையில் அமர்ந்துதான் அதை வெட்டினாய். என் மனைவி சரோஜா உனக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, உங்க ரெண்டு பேருக்கும் ஒரு முழுப் புத்தகத்த படிக்கிற யோகமே கிடையாதா?"

"உன் புருசனுக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும் தங்கச்சி. முடிக்கிறதுக்கு நான் வேணும்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இரண்டு வாரத்தில் அவளைக் கிள்ளானில் மருத்துவமனையில் சேர்த்தோம்.

வார்டுக்கு வெளியே காத்திருக்கும் நேரத்துக்கென்று அந்த முன்பாதியை எடுத்துப் போயிருந்தேன். அது ஒரு சமையற்காரியின் கதை. நோய்ப்பட்டு, கணவனை ஊரிலேயே விட்டுவிட்டு, தொலைவில் உள்ள மருத்துவமனைக்குப் பேருந்தில் ஏறுகிறாள். என் பாதி 176ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் முடிந்தது: 'பேருந்து நகர்ந்தபோது அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு'.

ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை, நீ மருத்துவமனைக்கு வந்தாய். வார்டுக்கு வெளியே நீலநிற நெகிழி நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம். நாற்பத்து மூன்று ஆண்டு விதியை அன்று மீறியது நான்தான், நீ அல்ல.

"அவ என்னடா ஆகுறா?"

யாரைக் கேட்கிறேன் என்று முதலில் உனக்கு விளங்கவில்லை. பிறகு என் மடியில் இருந்த பாதிப் புத்தகத்தைப் பார்த்தாய்.

"பொழச்சிக்கிறாடா. வீட்டுக்கு வந்துடுறா."

நான் மூடநம்பிக்கை உடையவன் அல்லன். சோதிடம் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். ஜொகூரிலிருந்து மகன் தொலைபேசியில், "இப்ப கிளம்பி வரட்டுமாப்பா?" என்று கேட்டபோது, "அவசரமில்லை, வார இறுதியில் வா. அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்" என்றேன். மே 5, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சரோஜா போய்விட்டாள். மகன் அன்று இரவு வந்தான். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "யார் சொல்லி என்னை நிறுத்தி வச்சீங்க?" இன்றுவரை அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு நாவல் என்று எப்படிச் சொல்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, மே 22, ஞாயிற்றுக்கிழமை, நீ புதிய புத்தகம் ஒன்றோடு வந்தாய். நான் பழையதன் பின்பாதியைக் கேட்டேன்.

"அது இப்ப வேணாம்டா. இத படி."

"எனக்கு அதுதான் வேண்டும்."

"விடுடா. அப்புறமா தரேன்."

"தர மாட்டாய். ஏனென்றால் அவள் செத்துவிட்டாள். நீ என்னிடம் பொய் சொன்னாய்."

நீ சுவரைப் பார்த்தாய். அங்கே சரோஜாவின் படத்தில் போட்ட மாலை வாடத் தொடங்கியிருந்தது.

"சொல்லு. பொய்தானே?"

"ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படியே வெச்சிக்கடா."

"உன்னை நம்பி என் மகனைத் தடுத்தேன். இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாய். புதிய புத்தகத்தை நாற்காலியிலேயே விட்டுப் போனாய், வெட்டாமல், முழுதாக. அதை நான் இன்றுவரை திறந்ததில்லை.

அன்று முதல் நேற்றுவரை நான் நினைத்திருந்தது இதுதான்: அவன் இரக்கத்தால் பொய் சொன்னான், அந்தப் பொய் என் மகனிடமிருந்து அவன் தாயின் கடைசி வாரத்தைப் பறித்தது, பொய் வெளிப்படாமலிருக்கப் புத்தகத்தை ஒளித்தான். வரிசையாக எல்லாம் பொருந்தின. பொருந்துகிற கணக்கைக் கிராணி சந்தேகிப்பதில்லை.

அதனால்தான் பொட்டலத்தைப் பார்த்ததும் செத்த பிறகாவது ஒப்புக்கொண்டான் என்று எண்ணினேன். உன் மகளிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். செபப் புத்தகத்தை வைத்து நீ சொல்லிக்கொடுத்த தமிழ்தான்.

"ரொம்ப ஸ்லோவா வரும்லா அங்கிள். கடைசி பக்கத்த மட்டும் பாத்துச் சொல்லிடவா?"

"கூடாது. 177இலிருந்து."

"அப்பா சொன்னது சரிதான். நீங்க மாறவே இல்ல."

நான்கு சனிக்கிழமைகள் ஆயின. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் ஒவ்வொரு ழகரத்துக்கும் அவளை நிறுத்தினேன். அவள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. பதினான்கு ஆண்டுகளாகச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் முதல் சனிக்கிழமை வாக்கியத்தை முடித்தாள்: அரிசிப் பானையை மூடி வைக்கச் சொன்னாள். அவ்வளவுதான். மருத்துவமனை அத்தியாயங்கள் நீளமானவை. அவள் எப்போது சாவாள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் காத்திருந்தேன். சொல்லக் கூசுகிறது: அவள் சாக வேண்டும் என்று விரும்பினேன். அவள் செத்தால்தான் என் கணக்கு சரியாகும்.

நேற்று, ஏப்ரல் 12, கடைசி அத்தியாயம். அவள் சாகவில்லை.

பேருந்திலிருந்து இறங்கி நடந்து வருகிறாள். வாசலில் கால் கழுவுகிறாள். நேராக அடுக்களைக்குப் போகிறாள். உப்புச் சாடி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, யார் இதை இங்கே வைத்தது என்று கணவனை அதட்டுகிறாள். அவன் அவள் புடவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அங்கே நாவல் முடிகிறது.

நீ பொய் சொல்லவில்லை. மருத்துவமனை நாற்காலியில் நான் கேட்டதற்கு உள்ளதைத்தான் சொன்னாய். மனைவியை எரித்துச் சாம்பலாக்கிப் பதினேழு நாள் ஆனவனிடம் இந்தப் பக்கங்களைக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை. கொடுத்திருந்தால் உன் நேர்மை நிரூபணமாகியிருக்கும். நீ பொய்யன் என்ற பெயரை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாய்.

"சந்தோசமான முடிவுலா அங்கிள்," என்றாள் உன் மகள். "கம் வாங்கிட்டு வரேன், ரெண்டையும் ஒட்டிடலாம்." பிறகு, "இங்க கீழ அப்பா என்னமோ எழுதியிருக்காரு. தேதிலாம் போட்டிருக்காரு."

தேதியா என்றேன். நீயா?

அவள் படித்தாள்.

'14.8.2011. கொண்டுபோனேன். வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். இன்னும் நேரம் வரல.'

'25.12.2012. கேக்கும் கொண்டுபோனேன். அத மட்டும் கேட்ல மாட்டிட்டு வந்தேன்.'

அந்தக் கேக்கு எனக்கு நினைவிருக்கிறது. எறும்பு மொய்க்கும்வரை அங்கேயே தொங்க விட்டேன்.

'5.5.2016. அஞ்சு வருசம் ஆச்சு. இப்ப படிச்சா தாங்குவான். நின்னு பாத்தேன். தொறக்கல.'

'8.12.2024. வண்டி ஓட்ட முடியல. மக கூட்டிட்டுப் போறேன்னா. வேணாம்னுட்டேன். அவன் திட்டினா இவ முன்னாடி நல்லாருக்காது.'

என் நாட்குறிப்புகள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. 2016ஐ எடுக்கச் சொன்னேன். அலுவலகப் பழக்கத்தால் நான் அவற்றை ஆங்கிலத்தில் எழுதி வந்தவன்; ஆங்கிலம் அவளுக்குத் தடையில்லாமல் வந்தது. மே 5ஆம் தேதிக் குறிப்பைத் தமிழில் தருகிறேன்: 'வியாழன். அவள் போனதும் வியாழன்தான். மழை இல்லை. மாலை 4.40: வாசலில் வந்து நிற்கிறான். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். திறக்கவில்லை. 4.49: போய்விட்டான்.'

உன் மகள் நாட்குறிப்பை மூடும் ஓசை கேட்டது.

"உள்ளேர்ந்து பாத்துக்கிட்டேவா இருந்தீங்க அங்கிள்?"

"ஆமாம்மா."

"மணி பாத்துக்கிட்டு?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை வருவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கம் வாங்கி வருவதைப் பற்றி அவளும் மீண்டும் பேசவில்லை. இன்று குருத்தோலை ஞாயிறு. இந்நேரம் உன் வீட்டார் கோவிலில் இருப்பார்கள்.

இரண்டு பாதிகளும் என் முன்னால் மேசையில் கிடக்கின்றன. விரலால் தடவினால் நீ பிளேடை இறக்கிய இடம் இரண்டிலும் தெரிகிறது. மகனுக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்று காலையில் இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனுக்குத் தாய் திரும்பி வரப்போவதில்லை. உனக்கு நான் கதவைத் திறக்கப்போவதில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இந்த மடலை நான் எழுதவில்லை. கேட்க வேண்டிய நாள் எது என்று நாட்குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது. அது ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கடந்துவிட்டது.

என் கண்ணின் நடுவில் எதுவும் தெரிவதில்லை என்று மேலே எழுதினேன். அதை மட்டும் திருத்த வேண்டும். நேற்று மாலையிலிருந்து அங்கே நீ நிற்கிறாய், பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம். எங்கே திரும்பினாலும் நடுவில் நீதான். சன்னலின் இந்தப் பக்கத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மணி நான்கு நாற்பது. இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது.